கழை: ஒரு வெற்றுக்கோலின் வரலாறு

(நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நியூ ஜெர்சியில் இப்போது இரவு, டெக்ஸஸிலும் இருட்டியிருக்கும், வளைகுடாப் பகுதியில் மாலை, ஊரில் விடிகாலை. இந்த நேரத்தில் ஒரு குச்சியின் வரலாற்றைக் கேட்க இத்தனை பேர் வந்திருப்பது எனக்கு ஆச்சரியம்தான். நன்றி.

அமெரிக்காவில் சொந்தமாகத் தூண்டில் கோல் கட்டிக்கொள்பவர்கள் முதலில் வாங்கும் பொருளுக்கு 'ப்ளாங்க்' என்று பெயர். கைப்பிடி கிடையாது, ரீல் பொருத்தும் இருக்கை கிடையாது, லைன் ஓடும் வளையங்கள் கிடையாது. அடியில் தடித்து நுனியில் சிறுத்துப் போகும் வெறும் கோல். மற்ற எல்லாவற்றையும் நம் கையால் ஒட்டி, நூல் சுற்றி, எபாக்ஸி பூசி முடிக்க வேண்டும். கைப்பிடி பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். வளையம் சரியில்லை என்றால் நூலை அறுத்து வேறு கட்டலாம். ப்ளாங்க் தவறாக அமைந்துவிட்டால் கோலே தவறு. அதனால்தான் எந்த ப்ளாங்கைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி இந்தக் கைவினையில் முதல் கேள்வியாக இருக்கிறது. இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் 180 ஆண்டுகளைப் பற்றி. அதில் நம் ஊர்க் காட்டு மூங்கிலுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கோலை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்

நான் சுவிசேஷம் கேட்டு வளர்ந்தவள். நான்கு சுவிசேஷங்களிலும் மீன்பிடிப்பு என்றால் வலைதான். தூண்டில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது, மத்தேயு 17ஆம் அதிகாரத்தின் கடைசியில். கப்பர்நகூமில் வரிப்பணம் கேட்டு வருகிறார்கள். இயேசு பேதுருவைக் கடலில் தூண்டில் போடச் சொல்கிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் காசு இருக்கும் என்கிறார். தூண்டில் உண்டு, மீன் உண்டு, காசு உண்டு. கோலைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒருவேளை பேதுரு கோல் இல்லாமல் கையாலேயே கயிறு வீசியிருக்கலாம்.

சங்கப் பாடல்களில் கோலும் இருக்கிறது. அகநானூற்றில் ஒரு பாண்மகள் நாண் கட்டிய மெல்லிய கோலால் மீன் பிடிக்கிறாள். அந்தக் காலத்துத் தமிழில் மூங்கிலுக்குக் கழை என்றும் பெயர். அந்தச் சொல் இன்று கழைக்கூத்தாடியிடம் மட்டும் மிச்சமிருக்கிறது. உள்ளே கூடாக, வெளியே உறுதியாக, வளைந்தும் நிமிரக்கூடிய கோல் என்பதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. இனி ப்ளாங்க் என்று சொல்லும் இடத்தில் எல்லாம் நீங்கள் கழை என்றே கேட்டுக்கொள்ளலாம்.

டெலவேர் ஆற்றின் இரு கரைகள்

நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஃபிலிப்ஸ்பர்க் தெரிந்திருக்கும். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் எதிர்க்கரையில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன். அங்கே சாமுவேல் ஃபிலிப்பி என்ற துப்பாக்கி செய்பவர் இருந்தார். வயலினும் செய்வார். 1840களில் அவர் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, சீவி, பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தூண்டில் கோல் செய்யத் தொடங்கினார். அதற்கு முன் அமெரிக்காவில் நல்ல கோல் என்றால் ஹிக்கரி, ஆஷ், லான்ஸ்வுட் போன்ற மரங்களில் கடைந்தது. கனமாக இருக்கும், ஈரத்தில் கோணிக்கொள்ளும்.

பிளந்த மூங்கிலைக் கொண்டு முழுக்க ஆறு பட்டைகளில் செய்த கோலை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆரம்பகாலக் கைவினைஞர்களில் ஒருவர் நம் நியூ ஜெர்சிக்காரர். நூவர்க் நகரத்தின் சார்லஸ் மர்ஃபி, 1860களில். பிறகு மேய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் ஹைரம் லெனார்ட் வந்தார். பட்டைகளை இயந்திரத்தில் சீவ ஆரம்பித்தவர். அந்த இயந்திரத்தைப் பூட்டிய அறையில் வைத்திருந்தார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. 1881இல் அவருடைய பட்டறை நியூ யார்க் மாநிலத்தின் சென்ட்ரல் வேலிக்கு இடம்பெயர்ந்தது.

ஆறு பட்டை ஏன்? ஒவ்வொரு பட்டையின் குறுக்குவெட்டும் சமபக்க முக்கோணம். ஆறையும் சேர்த்தால் அறுகோணம். மூங்கிலில் வலுவான இழைகள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக ஐதாகும். எனவே தோல் பக்கம் வெளியே வருமாறு ஒட்டினால், வளையும்போது எங்கே அதிக அழுத்தம் வருமோ அங்கே அதிக வலு இருக்கும். ஆறு பட்டையையும் ஒட்ட அன்று இருந்தது விலங்குப் பசை. தண்ணீர் பட்டால் இளகிவிடும். அதனால் கோல் முழுக்கச் சிறு இடைவெளிகளில் பட்டு நூல் சுற்றி, மேலே வார்னிஷ் பூசினார்கள்.

சரி, ஈஸ்டனிலும் நூவர்க்கிலும் மூங்கில் ஏது? கப்பலில் வந்தது. அதற்கு வணிகத்தில் வழங்கிய பெயர் 'கல்கத்தா கேன்'.

துறைமுகத்தின் பெயர்

கல்கத்தா கேன் என்று சொல்லப்பட்டது பொதுவாக டென்ட்ரோகாலமஸ் ஸ்ட்ரிக்டஸ் என்ற மூங்கிலாகவே இனங்காணப்படுகிறது. நாம் கல்மூங்கில் என்கிறோம். ஆங்கிலேயர்கள் ஆண் மூங்கில் என்றார்கள். வறண்ட காடுகளில் வளர்ந்தால் உள்ளே கூடே இல்லாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். பிரிட்டிஷ் இந்தியக் குதிரைப்படையின் ஈட்டிக் கம்புகள் இதில் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டின் மலையடிவார இலையுதிர் காடுகளிலும் இது உண்டு. இது கல்கத்தா நகரத்தில் வளர்வதில்லை. அங்கே கப்பல் ஏறியது, அவ்வளவுதான்.

அமெரிக்கா வந்து சேர்ந்த கழைகளில் தீயில் சுட்ட கரும்புள்ளிகள் இருந்தன. அந்தச் சூட்டுத் தழும்பு இன்றும் பழைய கோல்களில் தெரியும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அதை வைத்துத்தான் ஒரு கோல் கல்கத்தா மூங்கிலா, பின்னால் வந்த சீன மூங்கிலா என்று முதலில் பார்க்கிறார்கள். சுட்டவர் யார், எந்தக் காட்டில் வெட்டினார், என்ன கூலி வாங்கினார் என்பதைக் கோல் சொல்வதில்லை. அவர் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்தத் தழும்பு. அதைப் பல கைவினைஞர்கள் குறை என்று ஒதுக்கினார்கள்.

இதே காலத்தில் இந்தியாவில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர், 1873இல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். மகசீர் பிடிப்பதை ஆங்கில வாசகர்களுக்குச் சொன்ன முக்கியமான புத்தகம். அவருடைய தலைமுறையைச் சேர்ந்த தூண்டில்காரர்கள் பெருமதிப்பு வைத்திருந்த கோல் மரம் கிரீன்ஹார்ட். அது தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து இங்கிலாந்து போய், அங்கே கோலாகி விற்றது. நம் மூங்கில் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது, கயானாவின் மரம் நம் ஆறுகளுக்கு வந்துகொண்டிருந்தது. ஏலக்காயும் அவுரியும் போன பாதைகளில்தான் இதுவும் போனது. கணக்கு துறைமுகத்தில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் இருந்த காடு கணக்கில் வராது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா கேனின் இடத்தைச் சீன மூங்கில் பிடித்தது. அதற்கு வைத்த பெயர் 'டோங்கின் கேன்'. டோங்கின் என்பது வியட்நாமின் வடபகுதி. இந்த மூங்கில் வளர்வது அங்கே அல்ல, சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில், சூய் ஆற்றை ஒட்டிய ஒரு சிறிய மலைப்பகுதியில். மறுபடியும் தவறான ஊர்ப் பெயர். கேன்டனில் லிங்னான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அமெரிக்கத் தாவரவியலாளர் ஃப்ளாய்ட் மெக்ளூர் 1931இல் இதற்கு முறையான அறிவியல் பெயர் கொடுத்தார்: அருண்டினாரியா அமாபிலிஸ். அமாபிலிஸ் என்றால் அன்புக்குரியது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் உலகத்தின் விலையுயர்ந்த கோல்கள் தாவரவியல் பெயர்கூட இல்லாத ஒரு செடியில் செய்யப்பட்டிருக்கின்றன. வெட்டியவர்களுக்கு அதன் பெயர் எப்போதும் தெரிந்தே இருந்தது. சீனத்தில் அதை 'தேயிலைத் தண்டு மூங்கில்' என்று சொல்வார்கள்.

வளைகுடாவில் மறுபடி கூடான மூங்கில்

இந்த உரைக்காகப் படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. 1929இல் ராபர்ட் வின்தர், லூ ஸ்டோனர் இருவரும் ஒரு கோல் பட்டறை தொடங்கினார்கள். இருவர் பெயரையும் ஒட்டினால் வின்ஸ்டன். கோல்டன் கேட் பூங்காவில் 1938இல் கட்டிய தூண்டில் வீசும் குளங்கள் இன்றும் இருக்கின்றன. மந்தநிலைக் காலத்தின் அரசு வேலைத்திட்டத்தில் கட்டியவை. வளைகுடாப் பகுதியில் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம், அனுமதி இலவசம். அங்கே மீன் கிடையாது. எவ்வளவு தூரம், எவ்வளவு துல்லியமாக வீசுகிறோம் என்பது மட்டும்தான் விஷயம்.

தூரப் போட்டிக்கு நீளமான, வலுவான கோல் வேண்டும். பிளந்து ஒட்டிய மூங்கில் நீளம் கூடினால் கை தாங்காத கனம். ஸ்டோனர் ஒவ்வொரு பட்டையின் உட்பக்கத்தையும் குடைந்தெடுத்து ஒட்டினார். கலிபோர்னியாவின் மேரிஸ்வில்லில் எட்வின் பவல் வேறொரு முறையில் அதையே செய்துகொண்டிருந்தார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டோங்கின் மூங்கில் இயற்கையில் கூடானது. மனிதன் அதைப் பிளந்து, சீவி, ஒட்டி, கெட்டிக் கோலாக்கினான். எண்பது ஆண்டுகள் கழித்து இன்னொருவன் அதன் நடுவைக் குடைந்து மறுபடி கூடாக்குகிறான். நான் செவிலியர், எனக்கு இது தொடை எலும்பாகத் தெரிகிறது. தொடை எலும்பின் தண்டுப் பகுதியும் குழாய்தான். கெட்டியான எலும்பு வெளியே, நடுவில் மஜ்ஜை. வளைவைத் தாங்குவதில் மையத்திலிருந்து தள்ளியிருக்கும் பொருளுக்குத்தான் வேலை அதிகம். நடுவில் இருப்பது பெரும்பாலும் சுமை.

ஒரு தடையாணையும் ஒரு முறிந்த நுனியும்

1950 டிசம்பரில், கொரியப் போரில் சீனா இறங்கிய பிறகு, அமெரிக்கா சீனப் பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. இருபது ஆண்டுகள் டோங்கின் மூங்கில் வரவில்லை. இருப்பு வைத்திருந்த பட்டறைகள் அதைக் கொண்டு காலம் தள்ளின. மூங்கில் இறக்குமதியில் பேர்பெற்ற டெமரஸ்ட் நிறுவனமும் நியூ ஜெர்சிக்காரர்கள்தான், ப்ளூமிங்டேல் ஊரில் இருந்தவர்கள்.

மூங்கில் கோலைக் கொன்றது இந்தத் தடை என்று பலர் எழுதுவார்கள். தேதிகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கண்ணாடியிழைக் கோல் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒஹையோவின் டொலீடோ நகரில் பிளாஸ்டிக் பொறியியல் வேலையில் இருந்த ஆர்தர் ஹோவல்ட், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது மிச்சிகனில் மீன்பிடிக்கப் போனார். மூங்கில் கோலின் நுனி முறிந்தது. போர்க்காலத்தில் மாற்று நுனி கிடைக்கவில்லை. தன் தொழிலில் புழங்கிய கண்ணாடியிழையையும் பிசினையும் வைத்து ஒரு நுனி செய்துகொண்டார். அது நன்றாகவே வேலை செய்தது. கலமஸூவின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் அந்த முறையில் 1947இல் 'வொண்டர்ராட்' என்ற கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தடையாணை வந்தபோது தொழிற்சாலைக் கண்ணாடிக் கோல் மலிவாகக் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தது. தடை மூங்கிலின் கதவைச் சாத்தியது. ஆனால் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வெளியேறத் தொடங்கியிருந்தார்கள்.

ப்ளாங்க் என்ற பொருள் சாமானியர் கைக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். முறை எளிது. நுனி சிறுத்த எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். பிசின் ஊறிய கண்ணாடித் துணியை ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக வெட்டி அதன் மேல் இறுக்கிச் சுற்றுகிறார்கள். மேலே நாடா சுற்றி அடுப்பில் வேகவைக்கிறார்கள். ஆறியதும் கம்பியை உருவினால் குழாய் மிச்சம். சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டோனர் உளியால் குடைந்து எட்டியதை இந்தக் குழாய் முதல் நாளே கையில் வைத்திருந்தது. மூங்கில் பட்டையை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் சீவப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். குழாயை வாங்கி வீட்டு மேசையில் வைத்து நூல் சுற்ற ஒரு குளிர்காலம் போதும். 1970களில் டேல் கிளெமன்ஸ் போன்றவர்கள் எழுதிய கைநூல்களால் இது பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது.

இழப்பும் இருந்தது. நியூ யார்க்கின் எவரெட் கேரிசன் ஒரு பொறியாளர். கோலின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டுச் சரிவை வகுத்தவர். அவர் அறிந்ததை ஹோகி கார்மைக்கேல் அருகிலிருந்து பதிவுசெய்தார். புத்தகம் 1977இல் வந்தபோது கேரிசன் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பதிவு இல்லையென்றால் அந்த அறிவில் பெரும்பகுதி அவரோடு போயிருக்கும்.

கார்பன்

1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், அரச விமான ஆய்வு நிறுவனத்தில், வலுவான கார்பன் இழை செய்யும் முறை உருவானது. விமானத்துக்காகச் செய்தது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் அதில் தூண்டில் கோல் கொண்டுவந்தது. கோல்காரர்கள் அதை கிராஃபைட் என்று அழைத்தார்கள், இன்றும் அப்படித்தான்.

விறைப்பை அளக்கும் எண்ணுக்கு மாடுலஸ் என்று பெயர். சாதாரணக் கண்ணாடியிழைக்கு அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 1 கோடி பவுண்டு. அடிப்படைத் தரக் கார்பனுக்குச் சுமார் 3.3 கோடி. எடையோ கண்ணாடியைவிடக் குறைவு. அதே விறைப்புக்கு மெல்லிய சுவர் போதும் என்று ஆயிற்று. என் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் மேசையின் மேல்பலகையும் கார்பன் இழைதான். நோயாளியின் எடையைத் தாங்கும், எக்ஸ் கதிரை அதிகம் தடுக்காது. ஆனால் மெல்லிய சுவருக்கு ஒரு பலவீனம் உண்டு. படகில் ஈயக் குண்டு இடித்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் நொறுங்கியிருக்கும். அடுத்த பெரிய மீனில் அங்கேதான் முறியும். கண்ணாடி அப்படி எளிதில் கோபித்துக்கொள்ளாது.

இப்போது எதைத் தேர்ந்தெடுப்பது

இத்தனை வரலாறும் ஒரு நடைமுறைக் கேள்விக்குப் பயன்பட வேண்டும். ப்ளாங்க் வாங்கும்போது மூன்றைப் பார்க்கிறோம். நீளம், வலு, வளையும் இடம். வலு என்பது வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. வளையும் இடம் என்பது நுனி மட்டும் வளைகிறதா, அடிவரை வளைகிறதா என்பது. இரண்டும் வேறு வேறு. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

தயாரிப்பாளர்கள் ஒட்டும் மிதம், கனம் போன்ற வார்த்தைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதற்கு ஒரு வேதியியலாளர், வில்லியம் ஹானமன், எளிமையான வழி சொன்னார். ப்ளாங்கைக் கிடையாக நிறுத்தி, நுனியில் ஒரு பையைக் கட்டி, அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். நுனி கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்வரை எத்தனை காசு ஆயிற்றோ அது வலு. அப்போது நுனி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பது வளைவின் தன்மை. இப்போதைய காசு ஒன்று 2.5 கிராம், எல்லார் வீட்டிலும் இருக்கும். 'நல்ல', 'மிதமான' என்ற வார்த்தைகளை நம்பாமல் எண்ணிப் பார் என்கிற இந்த மனநிலை எனக்குப் பழக்கமானது. வலி எவ்வளவு என்று கேட்டால் 'கொஞ்சம்' என்று சொல்லும் நோயாளியிடம் நாங்களும் ஓர் எண் கேட்கிறோம்.

மற்றபடி, தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. ஜெர்சி கரையில் அலைக்கு அப்பால் வீச 10, 11 அடிக் கார்பன் கழை. டெக்ஸஸின் ஆழமற்ற விரிகுடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ரெட்ஃபிஷ் பிடிப்பவர்களுக்கு ஏழடியை ஒட்டிய, அங்கே 'பாப்பிங் ராட்' என்று பேர்பெற்ற கோல். படகில் குழந்தைகளோடு போகிறீர்கள், அடிபடும், மிதிபடும் என்றால் கண்ணாடியை வெட்கப்படாமல் வாங்குங்கள். மாடுலஸ் எண் பெரிதாக இருப்பதாலேயே ப்ளாங்க் சிறந்தது ஆகிவிடாது.

வளைகுடாப் பகுதி நண்பர்களுக்கு ஒரு தகவல். நீங்கள் அங்கே பிடிக்கும் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன் பசிபிக் கடலின் பூர்வகுடி இல்லை. 1879இல் நியூ ஜெர்சியின் நேவிசிங்க் ஆற்றிலிருந்து சுமார் 130 குஞ்சுகளை ரயிலில் ஏற்றி, வழியெல்லாம் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோய், மார்ட்டினெஸ் அருகே விட்டார்கள். 1882இல் இன்னும் 300 அளவில். பத்தே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ சந்தையில் அது விலைக்கு வந்தது. மீனும் குடியேறி, மூங்கிலும் குடியேறி, பிடிக்கிற நாமும் குடியேறிகள்.

கடைசியாக ஒன்று. கோல் கட்டி முடித்ததும் கைப்பிடிக்குச் சற்று மேலே மெல்லிய பேனாவால் எழுதி, மேலே பூச்சு பூசுவது வழக்கம். கட்டியவர் பெயர், நீளம், லைன் எடை, ஆண்டு. ஈஸ்டனின் ஃபிலிப்பிக்கும் நூவர்க்கின் மர்ஃபிக்கும் பெயர் நிலைத்திருக்கிறது. அவர்கள் கையில் எடுத்த கழையை வெட்டி, தோளில் சுமந்து, தீயில் வாட்டியவருக்கு ஒரு துறைமுகத்தின் பெயர்தான் கிடைத்தது. அவர் பெயரை இனிக் கண்டுபிடிக்க முடியாது. காட்டின் பெயரையாவது, செடியின் சரியான பெயரையாவது சொல்லலாம். பழைய கோல் ஒன்றில் கரும்புள்ளியைப் பார்த்தால் அதைக் குறை என்று சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் கட்டும் கோலில் பொருள் என்ற இடத்தில் 'கழை' என்று தமிழில் எழுதினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.

கேள்விகளுக்குப் போகலாம்.